பனிக்காலத்து உணவும் இரவுண்ணா நோன்பும்

ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. அதன்பின் இளவேனிலும் முதுவேனிலும். இவற்றுள் கூதிர் முதல் பின்பனி வரையுள்ள ஆறு திங்களும் உடலைச் சோதிக்கும் காலமாகும். விரதம் காக்கும் சிராவக சிராவகிகளுக்கோ இது இரட்டைச் சோதனை. சளி, இருமல் என்றவுடன் அக்கம்பக்கத்தார் சொல்லும் கைம்மருந்துகளில் தேன் உண்டு, பூண்டு உண்டு, பச்சை இஞ்சி உண்டு. பகற்பொழுதும் சுருங்கிவிடுவதால் கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது அரிதாகிறது. இதனால் "குளிர் போகட்டும், நோன்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பாரும் நம்மிடையே உளர். "எது நேரினும் வழக்கத்தில் இம்மியும் மாற்றேன்" என்று உடலை வருத்திக்கொள்வாரும் உளர். இரண்டும் வேண்டா என்பதே நம் கருத்து. நோன்பை மாற்ற வேண்டியதில்லை. உணவின் வேளையையும் வகையையும் அளவையும் மாற்றினால் போதும்.

பருவமறிந்து மாறுதல் நம் நெறிக்குப் புதியதன்று. அரைத்த மாவை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்குத் திகம்பர மரபில் ஓர் எல்லை உண்டு. மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள். ஈரமும் வெம்மையும் மிகுந்தால் மாவில் பூஞ்சையும் வண்டும் விரைவில் தோன்றும். வறண்ட குளிரில் தாமதமாகும். உயிர்க்கொலையைத் தவிர்க்க வகுத்த இவ்வெல்லை உடல்நலத்துக்கும் எல்லையாக அமைந்துவிட்டது. ஆனால் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். வடநாட்டில் மழை ஓய்ந்த பின்னரே குளிர் வருகிறது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நமக்கோ ஐப்பசியும் கார்த்திகையுந்தான் அடைமழை. ஆகவே நாட்காட்டியில் குளிர்காலம் பிறந்துவிட்டது என்று ஏழு நாள் கணக்கை எடுத்துக்கொள்ளாமல், மழை விடும்வரை மூன்று நாள் கணக்கையே பின்பற்றுவது நம் நாட்டுக்குப் பொருந்தும். கடையில் வாங்கும் பொட்டல மாவு அரைக்கப்பட்டு எத்தனை நாளாயிற்று என்பது நமக்குத் தெரியாது. அதனால் சிறிது சிறிதாக வீட்டிலோ அண்டையிலுள்ள மாவு மில்லிலோ அரைத்துக்கொள்வதே சாலச் சிறந்தது.

தேனும் ஊனும் கள்ளும் இன்றி மருத்துவமே இல்லை என்று கருதுவோர் அன்றும் இருந்தனர். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சமண முனிவரான உக்ராதித்யாசாரியர், இம்மூன்றையும் விலக்கிக் 'கல்யாணகாரகம்' என்னும் மருத்துவ நூலை வடமொழியில் இயற்றினார். புலால் மருந்தாகாது என்பதை இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் அவையில் வாதிட்டு நிறுவினார் என்பது அந்நூலால் அறியக்கிடக்கிறது. தமிழிலும் கணிமேதாவியார் என்னும் சமணப் புலவர் தம் அறநூலுக்கு 'ஏலாதி' என்று ஒரு மருந்தின் பெயரையே இட்டார். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் அம்மருந்தில் அடக்கம். பனிக்காலத்து மார்ச்சளிக்கு நம் இல்லங்களில் இன்றும் எடுக்கப்படுபவை இவை மூன்றுமே.

இனி இரவுண்ணாமைக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

மார்கழியில்தான் பகல் மிகக் குறுகியது என்பது உண்மை. எனினும் கதிரவன் மிக விரைவாக மறைவது அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே. சென்னையில் நவம்பர் மூன்றாம் வாரத்தில், அதாவது கார்த்திகைத் தொடக்கத்தில், மாலை ஏறத்தாழ 5.40 மணிக்கே ஞாயிறு மறைந்துவிடுகிறது. காலை உதிப்பது 6.10 மணியளவில். மறைவதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்பே உண்டு முடித்து, உதித்து இரண்டு நாழிகை கழித்தே வாய் நனைக்கும் நியமம் உள்ளவர்கள் மாலை 4.52க்குள் உணவை முடித்தாக வேண்டும். மறுநாள் 6.58 வரை ஒன்றும் இல்லை. இடைவெளி பதினான்கு மணி நேரத்துக்கும் மேல். ஆனி மாதத்தில் ஞாயிறு 5.43க்கு உதித்து 6.37க்கு மறையும்போது இதே நியமத்துக்கு இடைவெளி 12 மணி 42 நிமிடமே. ஆக, ஒரே நோன்பு, ஒரே ஆள். ஆயினும் கார்த்திகையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வயிறு வெறுமையாக இருக்கிறது. உடல்நலமுள்ளவர்க்கு இதனால் தீங்கில்லை. உண்டது அறும்வரை பொறுத்து, அதன்பின் பசித்து உண்பதே நோயின்மைக்கு வழி என்பது திருக்குறளின் மருந்து அதிகாரத்துக் கருத்தன்றோ! ஆனால் மருந்துண்பவர் நிலை வேறு.

நம் நெருங்கிய உறவில் நடந்ததைச் சொல்கிறோம். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர். பல்லாண்டுகளாக இரவு உண்ணாதவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வருபவர். கார்த்திகை நந்தீசுவர பூசையின் எட்டு நாளும் ஒருவேளை உணவு என்று நோன்பு கொண்டார். நண்பகலில் உண்டார். மாலை ஐந்து மணிக்கு உணவில்லை; ஆனால் வழக்கப்படி மாத்திரையை மட்டும் நீருடன் விழுங்கிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் இரவு இரண்டு மணியளவில் அவர் உடல் நடுங்கியது, பேச்சுக் குழறியது. வெளியே மழை. குளிரால் நடுங்குகிறார் என்றெண்ணி வீட்டார் இரண்டு கம்பளிகளைப் போர்த்தினர். கம்பளிக்குள் உடல் வியர்த்து நனைந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த வீட்டில் செவிலியாகப் பணிபுரிந்த பெண் வந்து பார்த்து, "இது குளிரன்று, சர்க்கரை இறங்கிவிட்டது" என்று சொல்லிச் சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். அரைமணி நேரத்தில் அவர் கண்விழித்துப் பேசினார். விடியுமுன் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இன்னும் ஒரு மணி நேரம் கம்பளியை நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவும் அஞ்சுகிறோம்.

பிழை மருத்துவருடையதன்று. "இரவு உணவுக்கு முன்" என்றுதான் அவர் சீட்டில் எழுதியிருந்தார். இந்த வீட்டில் இரவு உணவே கிடையாது என்பதை அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆகவே சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஐப்பசி பிறக்கும்போதே மருத்துவரிடம் சென்று, "மாலை ஐந்து மணிக்குப்பின் மறுநாள் ஏழு மணி வரை உண்ணமாட்டோம், இன்னின்ன நாள்களில் ஒருவேளை உணவே" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மருந்தின் வேளையையும் அளவையும் அவர் மாற்றித் தருவார். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. உணவில்லாத நாளில் பழைய அளவையே விழுங்குவதும் கூடாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழறல், காரணமில்லாத சினம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். விழுங்கும் நினைவு இருந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோசோ கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

அம்மூதாட்டி பிழைத்த பின் பட்ட வேதனை வேறு. நள்ளிரவில் சர்க்கரை நீர் பருகியதால் நோன்பு முறிந்ததே என்று மூன்று நாள் அழுதார். ஊர் ஜினாலயத்து உபாத்தியாயர் வந்து, "அம்மா, உணர்வின்றிக் கிடந்தபோது பிறர் புகட்டியது நீங்கள் விரும்பி உண்டதாகுமா? இனி நோன்பு ஏற்கும்போதே 'நோய் வந்தால் மருந்தும் நீரும் நீங்கலாக' என்று சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று ஆற்றுவித்தார். இல்லறத்தார் தம் ஆற்றலுக்கு ஏற்ற அளவே விரதம் ஏற்க வேண்டும் என்பது நம் நெறி. அந்த அளவை நோன்பு ஏற்குமுன் வகுத்துக்கொள்வதே முறை. நள்ளிரவில், நோயின் நடுவில் வகுத்துக்கொள்ள முடியாது.

அலுவலகம் செல்வோர் சங்கடம் இன்னொன்று. ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு, பேருந்திலோ ரயிலிலோ நெரிந்து வீடு சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. இவர்களுள் பலர் நண்பகலில் அரைவயிறு உண்டு, மாலை நான்கு மணிக்கு ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டு நாளை முடிக்கின்றனர். இது நோன்பாகலாம், உணவாகாது. கார்த்திகை முதல் தை வரையேனும் நண்பகல் உணவைப் பேருணவாக்கி, மாலைக்கென்று தனியே ஒரு டிபன் டப்பா எடுத்துச் செல்லலாம். மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்த பொங்கல், கேழ்வரகு அடை, பயறு சேர்த்த கொழுக்கட்டை போன்றவை ஆறினாலும் உண்ணத்தக்கவை. பள்ளிப் பிள்ளைகள் நாலரை மணிக்குப் பசியோடு வருவர். அப்போது கையில் முறுக்கைக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் "உண்ணவில்லையே" என்று தவிக்கும் தாய்மார் பலர். வந்தவுடனேயே சோறும் குழம்பும் இட்டுவிட்டால் தவிப்புக்கு இடமில்லை.

எதை உண்பது? கூதிரையும் முன்பனியையும் ஒன்றாகக் கருதக் கூடாது. மழைக்காலத்தில் செரிக்கும் தீ மந்தம் என்றும், பனிக்காலத்தில் அது வலுக்கும் என்றும் ஆயுர்வேத நூல்கள் கூறும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் எளிய உணவே ஏற்றது. அரிசிக்கஞ்சி, பருப்பு ரசம், மிளகு ரசம், சுக்குக் குழம்பு, வேகவைத்த பயறு ஆகியவை போதும். கீரைகளில் புழுவும் முட்டையும் மிகும் காலம் இது. அதனால்தான் மழைக்காலத்தில் கீரையை விலக்கும் வழக்கம் வந்தது. காலிபிளவர் பற்றிச் சொல்லவே வேண்டா. அதன் பூவுக்குள் ஒளிந்திருப்பவற்றை எவ்வளவு கழுவினாலும் முற்ற நீக்க இயலாது.

மார்கழி, தை பிறந்தால் உணவில் சற்றுச் செழுமை கூடலாம். அவரையும் மொச்சையும் துவரையும் பச்சைக்காயாக வரும் காலம் அது. எள்ளுருண்டை, உளுந்தங்களி, கம்பங்கூழ், வறுத்த மல்லாட்டை இவையெல்லாம் நம் வட்டாரத்துக்கு இயல்பானவை. (மல்லாட்டை மண்ணுக்குள் விளைவதாயினும் வேரன்று, விதையே, கிழங்கோடு அதைச் சேர்த்தெண்ண வேண்டியதில்லை.) இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழியைப் பனிக்காலத்தில் நினைவிற்கொள்வது நன்று. வீட்டில் இருவகையாரும் இருப்பர். ஒரே பலகாரத்தை எல்லார்க்கும் திணிக்க வேண்டா. நெல்லிக்காய் இப்பருவத்தில் மலிவு. வைட்டமின் சி சத்தில் அது ஆரஞ்சைவிடப் பன்மடங்கு மேலானது. முருங்கைக்கீரையை இப்போது ஆய்ந்து, உதறி, நன்கு பார்த்துச் சமைக்கலாம். இரத்தச் சோகைக்கு உலர்ந்த அத்திப்பழம் உண்ணுமாறு மருத்துவர் சொன்னால், நாம் விலக்கும் ஐவகைப் பழங்களுள் அத்தியும் ஒன்று என்பதைச் சொல்லிவிட்டுப் பேரீச்சம்பழத்தையும் உலர்ந்த திராட்சையையும் கேட்டுப் பெறலாம்.

பனிக்காலம் வந்ததும் சளி பிடிக்கும் என்று தயிரையும் பாலையும் அறவே நிறுத்திவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இது நமக்கு ஏற்றதன்று. வைட்டமின் பி12 என்னும் சத்து செடிகொடிகளில் கிடைப்பதில்லை. புலாலும் முட்டையும் உண்ணாத நமக்குப் பாலும் தயிரும் மோருமே அதற்கு இயற்கையான வாயில். அதையும் அடைத்துவிட்டால் கைகால் மரத்தலும் சோர்வும் நாளடைவில் தோன்றும். நண்பகலில் புதிய தயிரோ மிளகிட்ட மோரோ கொள்ளலாம்; மாலை உணவோடு மஞ்சளும் மிளகும் சேர்த்துக் காய்ச்சிய பாலைப் பருகலாம். முதியோர் ஒருமுறை இரத்தத்தில் பி12 அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.

கைம்மருந்துகளில் மாற்று எளிது. பச்சை இஞ்சிக்குச் சுக்கு. பச்சை மஞ்சளுக்கு உலர்ந்த மஞ்சள். தேனுக்குப் பனங்கற்கண்டோ வெல்லப்பாகோ. சித்த மருத்துவர் தரும் சூரணத்தைத் தேனில் குழைத்துண்ணச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்; வெந்நீரோ பாலோ நெய்யோ ஏற்றதாக அவர் மாற்றித் தருவார். தீபாவளி நமக்கு வர்த்தமானர் வீடுபேறு எய்திய நாள். அன்று காலை உண்ணும் லேகியத்தையும் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் கொண்டே கிளறிவிடலாம். தேன் விடாததால் பதம் கெடுவதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தரலாகாது என்று இக்கால மருத்துவரும் எச்சரிக்கின்றனர். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிஞ்சுக் குடலில் வளர்ந்து, அதன் நஞ்சு நரம்புகளைத் தாக்கும் என்பது அவர்கள் கூறும் காரணம். எனினும் கஷாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ கைம்மருந்தோடு நில்லாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். சளிக்கெல்லாம் ஆண்டிபயாடிக் மாத்திரை கேட்டு வாங்குவதும் தவறு. சாதாரணச் சளி வைரசால் வருவது; அம்மாத்திரை வைரசை ஒன்றும் செய்யாது.

நீரைப் பற்றி ஒரு சொல். வடிகட்டிக் காய்ச்சிய நீரைப் பருகும் நம் வழக்கம் மழைக்காலத்துக்கென்றே அமைந்தது போன்றது. காய்ச்சியதை ஒரு நாளைக்கு மேல் வைத்துக்கொள்ளாமையும் அதனோடு சேர்ந்தது. ஆனால் குளிரில் தாகம் தெரிவதில்லை. இரவில் நீரையும் துறந்த முதியோர் பகலிலும் மறந்துவிட்டால் மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்பும் வந்து சேரும். தாகம் எடுக்கக் காத்திராமல் காலை முதல் மாலை வரை வேளை வைத்துக்கொண்டு வெதுவெதுப்பான நீரைப் பருகிவர வேண்டும். நீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளரும் சிறுநீரக நோயாளரும் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் நிற்க.

மார்கழி வைகறையில் நீராடி ஈரத் துணியோடு ஜினாலயம் செல்வதைப் பெருமையாகக் கருதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். நம் சமவெளியில் அதிகாலைக் குளிர் இருபது பாகையை ஒட்டியே நிற்கும், கடுங்குளிர் அன்று. ஆயினும் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது; மாரடைப்பும் குளிர்காலக் காலைகளில் கூடுதலாக நேர்கிறது. அறுபது கடந்தவர்கள் வெந்நீரில் நீராடி, தலை துவட்டி, உலர்ந்த தூய ஆடை உடுத்திச் சென்றால் வழிபாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பொன்னூர் மலைக்கோ திருமலைக்கோ செல்வோரும் இருட்டில் படியேறுவதைத் தவிர்த்துப் பொழுது புலர்ந்தபின் ஏறலாம். பனியில் படியேறும் சிற்றுயிர் காலடியில் நசுங்காமல் பார்த்து நடக்கவும் வெளிச்சம் வேண்டுமல்லவா? முற்பகல் பத்து மணிக்கு மேல் சற்று நேரம் வெயிலில் அமர்வது வைட்டமின் டி பெறுவதற்கு வழி.

கொசுவின் தொல்லையும் இக்காலத்ததே. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவது. கொசு பிறந்தபின் மருந்தடித்துக் கொல்வதைவிட அது பிறக்க இடமளிக்காமையே அகிம்சைக்கும் உடலுக்கும் இசைந்தது. வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து உலர்த்தி, குடங்களைத் துணியிட்டு மூடி, கொல்லையில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியையும் பழைய டயரையும் அகற்றி, சன்னலுக்கு வலையடித்தால் பெரும்பாலும் போதும். மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்துவது ஆஸ்துமா உள்ளவர்க்கு ஆகாது. போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பது யார்க்கும் ஆகாது.

மாசி பிறந்ததும் பகல் வெயில் ஏறும். இரவில் மட்டும் பனி நிற்கும். இதுவே பலரை ஏமாற்றும் காலம். நண்பகல் வெம்மையை நம்பி நீரும் குளிர்பானமும் மிகுதியாகக் குடித்துவிட்டு, இரவில் திண்ணையில் படுத்து இருமலை வாங்கிக்கொள்வர். மாசி முழுதும் வெறுந்தரையில் படுக்காமல் பாய் விரித்துப் படுப்பதும், குழந்தைகளின் காதை மூடி உறங்கவைப்பதும் தொடரட்டும். எள்ளும் கொள்ளும் உளுந்தங்களியும் பங்குனி தொடக்கத்தோடு குறையட்டும். அதற்குள் ஞாயிறு மறைவதும் மாலை 6.15 மணியை எட்டிவிடும். மாலை டிபன் டப்பாவைச் சற்றுத் தாமதமாகவே திறக்கலாம்.